மரமும் இரும்பும் ஒரே வீட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்த்து மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது பல வருடங்களாக என் வேலை. முன்பெல்லாம் "இந்த அலமாரிக் கதவு தொங்குகிறது, சரிசெய்ய முடியுமா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது வருகிறவர்களில் பலர் கூடவே ஓர் இரும்பு விளக்கின் படத்தையோ பட்டறை ஸ்டூலின் படத்தையோ காட்டி, இதையும் அதையும் ஒரே அறையில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வாழும் வீட்டை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதில்களும்.

கிராமத்து மரச்சாமான், ஆலைப் பாணி என்கிறீர்களே, எதை எதில் சேர்ப்பது?

பக்கத்துத் தச்சர் ஒருவர், கையில் கிடைத்த மரத்தில், தினசரிப் புழக்கத்துக்காகச் செய்ததைக் கிராமத்து மரச்சாமான் என்கிறேன். நீண்ட பெஞ்சு, கனமான பலகை மேஜை, பாத்திரம் அடுக்கும் திறந்த அலமாரி, துணி வைக்கும் பெட்டி, முக்காலி. அலங்காரம் குறைவு, மரத்தின் கனம் அதிகம். மூட்டுகளைப் பார்த்தால், ஒரு கட்டையில் துளை போட்டு இன்னொன்றைச் செருகி மரமுளை அடித்திருப்பார்கள். ஆணி அபூர்வமாகத்தான் இருக்கும்.

ஆலைப் பாணி என்று நான் சொல்வது ஆலை, பட்டறை, கிடங்கு, அலுவலகம் ஆகிய இடங்களிலிருந்து வீட்டுக்கு வந்த பொருட்களை. இரும்பு ரேக், லாக்கர், திருகி உயரம் மாற்றும் ஸ்டூல், எனாமல் மூடி போட்ட தொங்கு விளக்கு, வார்ப்பிரும்புக் கால், சக்கரம் வைத்த தள்ளுவண்டி இதெல்லாம் இதில் வரும். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் காலியாகக் கிடந்த ஆலைக் கட்டடங்களில் குடியேறி, பெரிய ஜன்னலையும் வெற்றுச் செங்கலையும் இரும்புத் தூணையும் அப்படியே வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இந்த ரசனை பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்று வீட்டுச் சாமான், இன்னொன்று வேலைச் சாமான். இரண்டும் எப்படி ஒட்டும்?

இரண்டுமே வேலைச் சாமான்தான், அதனால்தான் ஒட்டுகிறது. இரண்டிலும் எது எதைத் தாங்குகிறது என்பது வெளியே தெரியும். வின்ட்சர் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான ஒரு மரப்பலகைதான் இருக்கை. கீழே கால்களையும் மேலே முதுகுக் குச்சிகளையும் அதிலேயே துளையிட்டு இறக்கியிருப்பார்கள். 1859ல் வந்த, தோனெட் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி மரத்தால் ஆனது, ஆனால் ஆலையில் பிறந்தது. நீராவியில் வளைத்த மரத்தோடு மொத்தம் ஆறே மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். பிரான்சில் ஸாவியே போஷார் 1934ல் கொண்டுவந்த டோலிக்ஸ் 'ஏ' நாற்காலி முழுக்கத் தகடு. இந்த மூன்றையும் ஒரே மேஜையைச் சுற்றிப் போட்டால் சண்டை போடாது. மூன்றிலுமே செய்த விதத்தை மறைக்கவில்லை.

சேர்க்கும்போது நான் கடைப்பிடிக்கும் கணக்கு ஒன்றுதான்: உடம்பு தொடும் இடத்தில் மரம், பாரம் தாங்கும் இடத்தில் இரும்பு. இரும்பு கையின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் தொட்டால் குளிர்கிறது, மரம் அப்படி இழுக்காது. அதே சமயம் மரத்தில் மணிக்கட்டுத் தடிமனுக்குக் கால் தேவைப்படும் இடத்தில் விரல் தடிமன் இரும்பு போதும். இருக்கை, மேஜைப் பலகை, கைப்பிடி, கட்டில் தலைப்பலகை மரமாக இருக்கட்டும். கால், சட்டம், கொக்கி, தாங்கி இரும்பாக இருக்கட்டும். இந்தக் கணக்கைப் பின்னால் வரும் பல பதில்களிலும் எடுப்பேன்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? வீடு முழுக்க ஒரே நேரத்தில் மாற்றலாமா?

வேண்டாம். எல்லாரும் கூடும் ஓர் அறையை எடுங்கள். அதில் இருக்கும் நல்ல மரச்சாமான் ஒன்றை நடுநாயகமாக வைத்துக்கொண்டு, அதற்கு என்ன குறை என்று பாருங்கள். மேஜை இருக்கிறது, வெளிச்சம் போதவில்லை என்றால் ஆலை விளக்கு ஒன்று. அலமாரி இருக்கிறது, புத்தகம் வழிகிறது என்றால் இரும்பு ரேக் ஒன்று. குறையை நிரப்ப வந்த பொருள் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். அழகுக்கென்று வாங்கிய பொருள் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு பொருள் வந்த பிறகு ஒரு மாதம் அதனோடு வாழ்ந்து பாருங்கள். அப்புறம் அடுத்தது.

எவ்வளவு மரம், எவ்வளவு இரும்பு? பாதிக்குப் பாதி வைக்கலாமா?

என் கண்ணுக்கு, குடும்பம் வாழும் வீட்டில் மூன்று பங்கு மரத்துக்கு ஒரு பங்கு இரும்புதான் சரியாக வருகிறது. பாதிக்குப் பாதி வைத்தால் அறை எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கும். இரும்பு அதைத் தாண்டினால் கிடங்குக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

எண்ணிக்கையைவிடக் கண்ணில் படும் பரப்புதான் முக்கியம். தகடு அடித்த ஒரு பெரிய லாக்கர் சுவரில் ஒரு கதவு அளவு இடத்தை விழுங்கும். மெல்லிய கம்பிக் காலுடன் மரத்தட்டு வைத்த ரேக் அதே அகலம் இருந்தாலும் பின்னால் சுவர் தெரிவதால் இலேசாக இருக்கும். லாக்கர்தான் வேண்டும் என்றால் அறைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய பட்டறை மேஜை ஒன்று கிடைத்தது. சாப்பாட்டு மேஜையாக வைத்துக்கொள்ளலாமா?

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். சாப்பாட்டு மேஜை 72 முதல் 76 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும், நாற்காலி இருக்கை சுமார் 45. இரண்டுக்கும் இடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் இருந்தால்தான் தொடை தட்டாமல் தோள் தூக்காமல் சாப்பிட முடியும். பட்டறை மேஜைகள் நின்று வேலை பார்ப்பதற்காகச் செய்தவை. பெரும்பாலும் 80 முதல் 90 சென்டிமீட்டர் வரும். கால்களை அறுக்கலாம்தான். ஆனால் கீழே குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அறுங்கள். சட்டம் தரையை ஒட்டி வந்துவிட்டால் காலை நீட்ட இடம் இருக்காது.

அறுக்க மனமில்லை என்றால் அதைச் சமையலறை நடுவில் நின்று வேலை செய்யும் மேஜையாக வையுங்கள். 90 சென்டிமீட்டர் அதற்கு மிகச் சரியான உயரம். கூடவே 65 சென்டிமீட்டர் ஸ்டூல் இரண்டு போட்டால் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் இடமாகவும் ஆகிவிடும்.

எப்படி வைத்தாலும் மேற்பரப்பு முக்கியம். பட்டறை மேஜையின் பலகையில் இயந்திர எண்ணெயும் உலோகப் பொடியும் பல வருடம் ஊறியிருக்கும். உணவு படும் இடத்தில் அது கூடாது. மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைச் செதுக்கி எடுத்தும் எண்ணெய் வாடை போகாவிட்டால் பலகையையே மாற்றிவிடுங்கள், கால்கள் மட்டும் போதும்.

நாற்காலிகள் எல்லாம் வேறு வேறாக இருக்கின்றன. ஜோடி சேராமல் அசிங்கமாக இருக்காதா?

இருக்கை உயரம் ஒன்றாக இருந்தால் மற்றதைக் கண் மன்னித்துவிடும். ஒரு நாற்காலி நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், எவ்வளவு அழகான நாற்காலியானாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். அளவு ஒத்த பிறகு, ஒரே வகையில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். நான்கு மர நாற்காலி, இரண்டு இரும்பு நாற்காலி என்பது நல்ல கணக்கு.

இரும்பு நாற்காலியில் நீண்ட நேரம் உட்காருவது கஷ்டம். உடம்பு தொடும் இடத்தில் மரம் என்றேனே, அதை இங்கே கடைப்பிடிக்கலாம். இருக்கையின் வடிவத்துக்கு அறுத்த மெல்லிய மரப்பலகையை மேலே வைத்து அடியில் இரண்டு கிளிப் போட்டால் போதும். நீண்ட பக்கம் ஒன்றில் பெஞ்சு போடுவது எனக்கு மிகவும் பிடித்த வழி. மேஜைக்கு அடியில் தள்ளிவிடலாம், தலைக்கு 60 சென்டிமீட்டர் வீதம் கணக்குப் போட்டால் 180 சென்டிமீட்டர் பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

ஒரு மரம் சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டுமா?

தேவையில்லை. மூன்று நிறம் வரை ஓர் அறை தாங்கும். நான்காவது வரும்போதுதான் சந்தைக் கடை போலத் தோன்றும். ஒவ்வொரு நிறமும் அறையில் இரண்டு இடத்திலாவது வந்தால் கண்ணுக்கு அது தற்செயலாகத் தெரியாது.

இரும்பின் நிறத்தில் நான் இன்னும் கண்டிப்பு. கறுப்பு இரும்பு, துத்தநாகம் பூசிய கால்வனைஸ் வெள்ளை, பித்தளை, குரோம், பச்சை பெயிண்ட் எல்லாம் கலந்தால் மரத்தின் அமைதி போய்விடும். ஒன்றைத் தலைமையாகவும் ஒன்றைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆலைப் பச்சை, சாம்பல், மங்கிய நீலம் ஆகியவை மரத்துக்கு நன்றாக ஒத்துப்போகும்; பளபளக்கும் குரோம் ஒத்துப்போவது கடினம்.

ஆசையாகச் செய்தேன், ஆனால் வீடு ஏதோ உணவகம் மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?

அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். சுவரில் பல்சக்கரங்கள், ஓடாத அழுத்தமானி, குழாயை வளைத்துச் செய்த துணி மாட்டி, எழுத்துப் பலகைகள் நான்கு. எதுவும் வேலை செய்யவில்லை. அந்த அறையில் உண்மையாகப் புழங்கிய பொருள் மர அலமாரி ஒன்றுதான், அது இத்தனைக்கும் பின்னால் மறைந்து போயிருந்தது.

வேலை செய்யாத ஆலைப் பொருளை எடுத்துவிடுங்கள் என்றேன். விளக்கு எரிய வேண்டும், தள்ளுவண்டி உருள வேண்டும், கடிகாரம் மணி காட்ட வேண்டும். குழாய் மாட்டியில் தினமும் பை தொங்குகிறதா, அது இருக்கட்டும். அழகுக்கு ஒன்று வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, அதைச் சுற்றிச் சுவர் காலியாக இருக்கட்டும். இரண்டு வாரத்தில் அந்த அறை வீடாகத் திரும்பிவிட்டது.

துரு அழகாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கை படாத இடத்தில் விடலாம், ஆனால் அடக்கி வைத்துத்தான். உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, தூசியைத் துடைத்து, மங்கல் வார்னிஷோ மெழுகோ பூசினால் நிறம் அப்படியே நிற்கும், துணியில் ஒட்டாது. ஈரம் படும் இடத்தில் மெழுகு போதாது, வார்னிஷ்தான்.

கை படும் இடத்தில் துருவை முழுக்க எடுங்கள். சிறிய பாகங்களை வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, அந்த நிமிடமே காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். காயாமல் விட்டால் அன்று மாலையே மறுபடி துருப்பிடிக்கும். கால்வனைஸ் செய்த இரும்பை வினிகரில் போடாதீர்கள், துத்தநாகப் பூச்சு கரைந்துவிடும். அதன் மேல் வெல்டிங்கும் வேண்டாம். சூடானால் வரும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவார்கள்.

பழைய பெயிண்ட் உரிந்த அலமாரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடட்டுமா?

பொறுங்கள், தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தை 1978ல்தான் தடை செய்தார்கள். பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் பின்பு வரை புழக்கத்தில் இருந்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், ஒருமுறை பாதித்தால் திரும்பாது. ஆலைப் பொருட்களிலும் இதே ஆபத்து உண்டு. துருத் தடுப்புக்காக அடித்த ஆரஞ்சு நிற அடிப்பூச்சு, செவ்வீயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே செய்யும் ஈயச் சோதனைக் குச்சி முதல் பார்வைக்கு உதவும், உறுதியாகத் தெரிய ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவும் கூடாது, சூடு காட்டி உரிக்கவும் கூடாது. பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள். உதிராமல் கெட்டியாக இருக்கும் பெயிண்டானால் அதன் மேல் வார்னிஷ் பூசி, குழந்தை வாய் வைக்காத உயரத்தில் வைக்கலாம். தொட்டிலுக்கும் குழந்தை நாற்காலிக்கும் அந்தச் சலுகையும் கிடையாது.

மரத்துக்கு எண்ணெயா, வார்னிஷா, மெழுகா?

தண்ணீரும் சூடான பாத்திரமும் படும் மேஜைக்கு மங்கல் வார்னிஷ். அலமாரி, பெட்டி, கட்டில் சட்டம் ஆகியவற்றுக்கு ஆளிவிதை எண்ணெயும் அதன் மேல் தேன்மெழுகும். எண்ணெய் பூசிய மரத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய வசதி. கண்ணாடி போன்ற பளபளப்பு மட்டும் வேண்டாம், இரும்பின் மங்கலுக்குப் பக்கத்தில் அது ஒட்டாமல் நிற்கும்.

ஒரு விஷயத்தை எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. துணி குவியலாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

இரும்பு பட்ட இடத்தில் மரம் கறுத்துவிட்டது. பூஞ்சையா?

பெரும்பாலும் பூஞ்சை இல்லை. மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு நிறம் உண்டாகும். பழங்காலத்தில் எழுதும் மை தயாரித்ததும் இதே வழியில்தான். ஓக், வால்நட் போல டானின் நிறைந்த மரங்களில் ஒரு ராத்திரி ஈரம் போதும்.

ஆக்சாலிக் அமிலக் கரைசல் கறையை எடுக்கும். அது விஷம், கையுறை போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்து, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். மறுபடி வராமலிருக்க, இரும்பும் மரமும் சந்திக்கும் இடத்தில் தோல் துண்டோ ரப்பர் வாஷரோ வையுங்கள். இத்தகைய மரத்தைத் தேய்க்க எஃகுப் பஞ்சையும் தொடாதீர்கள். அதன் நூல் துணுக்குகள் மரத்துளையில் சிக்கிக்கொண்டு, பின்னால் ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளியாகக் கிளம்பும்.

மேஜைப் பலகைக்கு இரும்புக் கால் போட்டோம். ஆறே மாதத்தில் பலகை வெடித்துவிட்டது. மரம் மோசமா?

மரம் நல்ல மரம்தான், அதற்கு அசைய இடம் விடவில்லை. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் அனேகமாக இல்லை. ஒரு மீட்டர் அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் போய் வரும். இரும்புச் சட்டம் அப்படி அசையாது. நான்கு மூலையிலும் இறுக்கித் திருகினால், சுருங்க முடியாத மரம் நடுவில் பிளந்து வழி தேடிக்கொள்ளும்.

இரும்புச் சட்டத்தில் திருகுக்கான துளையை வட்டமாக இல்லாமல், பலகையின் அகலவாக்கில் நீளமான பள்ளமாக வெட்டச் சொல்லுங்கள். பெரிய வாஷர் வைத்து, கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று மட்டும் திருப்பினால் போதும். நடுவில் ஒரு திருகை மட்டும் அசையாமல் வைக்கலாம், பலகை அதிலிருந்து இருபக்கமும் சமமாக விரியும். வெல்டிங் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தச்சருக்குத் தெரியும். இருவரையும் ஒருமுறை பேசவைத்துவிடுங்கள்.

பழைய ஆலை விளக்கை அப்படியே மாட்டலாமா?

உடல் பழசாக இருக்கலாம், வயர் புதிதாக இருக்க வேண்டும். துணி சுற்றிய பழைய வயரின் உள்ளே ரப்பர் பொடிந்திருக்கும். சில பழைய விளக்குகளின் சூடு தாங்கும் பகுதியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். நார் நாராக எதையாவது பார்த்தால் குத்திக் கிளறாமல் மூடிவைத்து, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உலோக விளக்குக்கு எர்த் வயர் கட்டாயம். மின்பணியாளர் அதை விளக்கின் உடலோடு இணைத்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிச்சத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெள்ளைக் குளிர் வெளிச்சம் மரத்தைச் சாம்பலாக்கும், இரும்பை ஆஸ்பத்திரியாக்கும். இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்இடி பல்பு போடுங்கள். உள்ளே இழை தெரியும் குண்டு பல்பு பார்க்க அழகு, ஆனால் உட்கார்ந்தவர் கண் உயரத்தில் மூடியில்லாமல் தொங்கினால் கூசும். சாப்பாட்டு மேஜைக்கு மேலே 70 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் மூடி போட்ட விளக்கு நல்லது. படிக்கும் மேஜைக்கு வளையும் கை வைத்த விளக்கு. வண்டிகளின் அதிர்வுத் தாங்கிகளில் வேலை பார்த்த ஜார்ஜ் கார்வர்டைன் 1932ல் காப்புரிமை எடுத்த ஆங்கிள்பாய்ஸ் அந்த வகைதான். ஸ்பிரிங் சமன் செய்வதால் விட்ட இடத்தில் நிற்கும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த இரும்பெல்லாம் ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு, அதைச் சமாளிக்கவும் முடியும். முதல் வேலை, இழுப்பறை வைத்த எதையும் சுவரோடு பிணைப்பது. இரும்பு ஃபைல் அலமாரியில் இரண்டு இழுப்பறையை ஒரே சமயத்தில் இழுத்தால் மொத்தமும் முன்னால் சாயும், கனமான மர அலமாரியும் அப்படித்தான். பிள்ளைகள் இழுப்பறையைப் படியாக்கி ஏறுவார்கள். கனமானதை அடித்தட்டில் வையுங்கள். சக்கரம் வைத்த தள்ளுவண்டிக்கு நான்கில் இரண்டு சக்கரமாவது பூட்டு உள்ளதாக இருக்கட்டும். தகட்டு விளிம்பையும் நீண்டிருக்கும் போல்ட் முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். உங்களுக்குச் சுரண்டினால் அரம் போட்டு மழுக்குங்கள், போல்டுக்குத் தொப்பி நட்டு போடுங்கள்.

மரச்சாமானிலும் மறைந்த ஆபத்துகள் உண்டு. பழைய பெரிய பெட்டியில் குழந்தை ஒளிந்துகொண்டு, வெளியே கொக்கி தானாக விழுந்துவிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. கொக்கியைக் கழற்றி, பின்பக்கம் சில காற்றுத் துளைகள் போட்டு, மூடி மெதுவாக இறங்கும் தாங்கி வையுங்கள். பழைய தொட்டிலைத் தூங்கப் பயன்படுத்த வேண்டாம். கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். பொம்மை வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. இருட்டில் ஒளிரும் எண்கள் எழுதிய பழைய கடிகாரம், அழுத்தமானி ஆகியவற்றில் கதிர்வீச்சு வெளியிடும் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிப்போயிருந்தாலும் ரேடியம் அப்படியே இருக்கும், அது பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைகள் அறையில் வைக்காதீர்கள்.

அலமாரிக்கு அடியில் மாவு மாதிரி கொட்டிக் கிடக்கிறது. உள்ளே கொண்டுவரலாமா?

மரத்தைத் துளைக்கும் வண்டு உள்ளே உயிரோடிருக்கலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகள் மட்டும் இருந்து தூள் விழாவிட்டால் பழைய கதையாக இருக்கலாம். அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் மற்ற மரங்களிலிருந்து தள்ளி வைத்து மருந்து அடிக்க வேண்டும். முக்காலி போன்ற சிறிய பொருளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தாலும் வண்டு சாகும். பொருள் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

பேலட் கட்டையில் ரேக் செய்யலாமா? சும்மா கிடைக்கிறதே.

முத்திரையைப் பாருங்கள். பேலட் என்பது சரக்கு அடுக்கி ஏற்றும் மரத்தட்டு. நாடு விட்டு நாடு போகும் பேலட்டுகளில் சர்வதேச விதிப்படி முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் 'HT' என்ற எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். 'MB' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் பதப்படுத்தியது, வேண்டாம். முத்திரையே இல்லாததையும், எதையோ சிந்திய கறை உள்ளதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். சுத்தமாக இருந்தாலும் உணவு படும் இடத்துக்கு ஆகாது.

எல்லாம் அழகாக வந்துவிட்டது, ஆனால் அறையில் ஒரே சத்தம், எதிரொலி. என்ன செய்வது?

தகடு, செங்கல், வெறுந்தரை எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு கனமான தரைவிரிப்பு, கெட்டித் துணித் திரை, நிறையப் புத்தகம் வைத்த திறந்த அலமாரி, இந்த மூன்றும் பெரிய வித்தியாசம் தரும். இரும்புக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள், நாற்காலி இழுக்கும் சத்தம் பாதியாகும், தரையிலும் கீறல் விழாது. கீழே துணி இருந்தால் மேலே இரும்பு இதமாகவே தெரியும்.

புதிதாகச் செய்து பழசு போல ஆக்கியதை வாங்கலாமா?

வாங்கலாம், பழசு என்ற விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உண்மையில் புழங்கிய பெஞ்சின் முன்விளிம்பு மழுங்கியிருக்கும், கால் வைத்த குறுக்குச் சட்டம் குழிந்திருக்கும், அடிப்பக்கம் தொடாதது போல இருக்கும். செய்த தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கும். இழுப்பறையை உருவி உள்ளே பாருங்கள். வெளியே நூறு வருடம் தேய்ந்து உள்ளே நேற்று அறுத்த பலகை என்றால் சந்தேகமே வேண்டாம்.

இரும்பு நாற்காலிக்குப் புதிதே நல்லது என்று சில வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஈயப் பெயிண்ட் பயம் குறைவு, எல்லா நாற்காலியும் ஒரே உயரம் இருக்கும். பழமையை மரம் தரட்டும்.

பாட்டியின் அலமாரிக்கு இரும்புக் கால் போட்டு, கதவை எடுத்துவிடலாம் என்கிறாள் மகள். எனக்கு மனசு கேட்கவில்லை. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூலையில் பூட்டிக் கிடப்பதைவிட மகள் வீட்டில் புழங்குவது அலமாரிக்கு நல்லது. ஆனால் செய்ததைத் திருப்ப முடிய வேண்டும். கதவைக் கீலோடு கழற்றித் துணி சுற்றி வையுங்கள், கீலின் திருகுகளை ஒரு உறையில் போட்டு அலமாரியின் முதுகிலேயே ஒட்டுங்கள். மரக்காலை அறுக்காமல், அலமாரி அப்படியே உள்ளே உட்காரும்படி தனி இரும்புச் சட்டம் செய்யுங்கள். உயரம் கிடைக்கும், தரை ஈரமும் மரத்தை எட்டாது. பாரம் தாங்கும் இடத்தில் இரும்பு என்ற கணக்கும் பொருந்திவிடும். அறுப்பது, துளைப்பது, நிறத்தை முழுக்க உரிப்பது மூன்றையும் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

தொடுவதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு இழுப்பறையையும் வெளியே எடுத்துப் பாருங்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஆறு இழுப்பறை வைத்த ஒரு பழைய அலமாரியை அக்கறையாகத் தேய்த்துச் சுத்தம் செய்தேன், அடிப்பலகை உட்பட. அடியில் இருந்த சிறு உளிக் கீறல்களை அழுக்கு என்று நினைத்தேன். அவை அந்தத் தச்சர் போட்ட எண்கள். கையால் செய்த இழுப்பறை ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்தான் சரியாக நுழையும் என்பது, மாலை வரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போதெல்லாம் இழுப்பறையை உருவியதும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். கீறல் இருந்தால் அதன் மேல் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் உப்புத்தாளை எடுக்கிறேன்.